கதவைத் திறக்கும் முன் ஒரு நொடி

விமானம் தரையிறங்கி, முனையத்தை ஒட்டி வந்து நின்றதும் ஒலிபெருக்கியில் ஓர் ஆங்கில அறிவிப்பு வரும். கேபின் பணியாளர்கள் கதவுகளை ‘டிஸ்ஆர்ம்’ செய்து, ‘கிராஸ் செக்’ செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். மேலேயிருந்து பெட்டியை எடுக்கும் அவசரத்தில் நம்மில் பலர் அதைக் காதில் வாங்குவதே இல்லை. விமானத்தின் மிக அழகான பொறியியல் ஏற்பாடுகளில் ஒன்றைப் பற்றியது அந்த அறிவிப்பு.

பயணிகள் ஏறி இறங்கும் கதவின் உட்புறத்தைப் பாருங்கள், கீழ்ப்பாதி புடைத்திருக்கும். அதற்குள் அவசரச் சறுக்கு மடித்து அடைக்கப்பட்டிருக்கிறது. சறுக்கின் ஓரத்தில் ஓர் உலோகத் தண்டு உண்டு. ‘கர்ட் பார்’ என்பார்கள். விமானம் கிளம்பும்போது பணியாளர் கதவை ‘ஆர்ம்’ செய்தால், அந்தத் தண்டு வாசல் தரையோடு பூட்டிக்கொள்ளும். அந்த நிலையில் கதவைத் திறந்தால் கதவு வெளியே போகும்; தண்டு தரையிலேயே நிற்கும். இடையில் மாட்டிய சறுக்கு, உறையிலிருந்து உருவிக்கொண்டு வெளியே விழும். விழும்போது ஒரு கயிறு இழுபட்டு, உயர் அழுத்த வாயு உருளையின் வால்வு திறக்கும். உருளையில் உள்ள வாயு மட்டும் அவ்வளவு பெரிய சறுக்கை நிரப்பப் போதாது. ஆனால் அது ‘ஆஸ்பிரேட்டர்’ என்ற குழாய்க்குள் சீறிப் பாயும்போது, சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. சறுக்கை நிரப்புவதில் பெரும்பங்கு இந்த வெளிக்காற்றுக்குத்தான். கதவுச் சறுக்கு விரிந்து நிற்க அமெரிக்க விதிகள் தரும் அவகாசம் 6 நொடி. மணிக்கு சுமார் 46 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தாலும் அது நிலைத்து நிற்க வேண்டும்.

இதன் அருமையை 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் உலகம் பார்த்தது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ350, ஓடுபாதையில் இருந்த கடலோரக் காவல்படை விமானத்தின்மீது மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்துபோனார்கள். பெரிய விமானத்தில் 379 பேர். 8 வாசல்களில் 3 மட்டுமே பயன்படுத்தும் நிலையில் இருந்தன. அந்த மூன்று சறுக்குகளின் வழியாக 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

இதே சறுக்கு, வேண்டாத நேரத்திலும் விரிகிறது. தண்டைத் தரையிலிருந்து விடுவிக்க, அதாவது டிஸ்ஆர்ம் செய்ய, மறந்து கதவைத் திறந்தால் போதும். உணவு வண்டிக்காரரோ படிக்கட்டில் நிற்கும் ஊழியரோ எதிரே இருந்தால் அடிபடுவார். விரிந்த சறுக்கை அங்கேயே மடித்து உள்ளே வைக்கவும் முடியாது. பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். மாற்றுச் சறுக்கு கிடைக்காவிட்டால் அந்த வாசலைக் கணக்கில் சேர்க்க முடியாது. அதற்கேற்பப் பயணிகளைக் குறைத்தே பறக்க வேண்டும்.

அப்படியானால் சறுக்கு எளிதில் விரியாதபடி செய்துவிடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. புகை நிறைந்த இருட்டில், ஒரே இழுப்பில் அது விரிந்தாக வேண்டும். சில விமானங்களில் ஆர்ம் ஆன கதவின் கைப்பிடியை முழுதாகத் தூக்கியதும் வாயு விசையே கதவை வெளியே தள்ளிவிடும். பாதியில் பிடித்து நிறுத்த முயன்றால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடக்கூடும். ஆகவே தடுப்பதற்கான வேலை முழுவதும், கை கைப்பிடியை முழுதாகத் தூக்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

ஏர்பஸ் ஏ320-இல் கைப்பிடியை லேசாகத் தூக்கியதுமே, கதவு ஆர்ம் ஆகியிருந்தால் கதவுக் கண்ணாடிக்குக் கீழே வெள்ளை விளக்கு எரியும். உடனே கையை எடுத்துவிட வேண்டும். டிஸ்ஆர்ம் நிலைக்கு மாற்றிய நெம்புகோல் அசையாதிருக்க ஒரு பாதுகாப்பு ஊசி, அதில் தொங்கும் சிவப்புப் பட்டை. அந்தக் கதவை வெளியிலிருந்து திறந்தால் தானாகவே டிஸ்ஆர்ம் ஆகிவிடும். போயிங் 737-இல் அந்த வசதி கிடையாது. அங்கே பணியாளர் குனிந்து, தண்டைக் கையால் தரையில் மாட்ட வேண்டும். கதவுக் கண்ணாடியின் குறுக்கே ஒரு சிவப்பு நாடாவை இழுத்துவிட வேண்டும். வெளியே நிற்பவருக்கு அந்த நாடா ஒன்றே எச்சரிக்கை.

இவ்வளவும் இருந்தும் தவறு நடக்கிறது, அனுபவசாலிகளிடமும் நடக்கிறது. காரணம் பழக்கம்தான். நூற்றுக்கணக்கான முறை செய்த வேலையைக் கை தானாகவே செய்துவிடும். மனம் வேறெங்கோ இருக்கும். நீண்ட பயணத்தின் களைப்பில் நடுவே யாரோ ஏதோ கேட்டால், ஒரு படி விட்டுப்போகும். ‘கிராஸ் செக்’ அதற்குத்தான்: எதிர்க்கதவில் இருப்பவர் இந்தக் கதவைத் தன் கண்ணால் பார்த்து உறுதி செய்கிறார். ஜப்பானிய ரயில் ஊழியர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. சிக்னலை விரலால் சுட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்வார்கள். அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் செய்த சோதனையில், 100 செயலுக்கு 2.38 என்றிருந்த தவறு, சுட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. கதவருகிலும் இதைப் பின்பற்றும் விமான நிறுவனங்கள் உண்டு. பணியாளர் ஒருவர் நெம்புகோலைச் சுட்டி வாய்க்குள் ஏதோ சொல்வதைப் பார்த்தால், அது வெறும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. விமானம் நின்று கதவு திறக்கும்வரை, கதவருகே நிற்கும் பணியாளரிடம் எதையும் கேட்காதீர்கள். அடுத்த விமானத்தின் வாசல் எண்ணோ, விட்டுப்போன கைப்பையோ, எதுவானாலும் இரண்டு நிமிடம் பொறுக்கும்.