தேயிலைப் பெட்டிக்கு எதுக்குப் பூட்டு?

போன எபிசோடுல பழைய பொருள் சேகரிப்பைப் பத்திப் பேசினப்போ, சீனத் தேயிலைப் பெட்டிகளைப் பத்தி ரெண்டு வரி சொல்லிட்டுக் கடந்து போயிட்டேன். அதுக்கு வந்த மெயில்கள்ல திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "டீத்தூள் டப்பாவுக்கு எதுக்கு ப்ரோ பூட்டு?" நல்ல கேள்வி. இன்னைக்கு எபிசோடு முழுக்க அந்தப் பூட்டுதான்.

முதல்ல பெட்டி எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். 1800-களோட முதல் பாதியில், சீனாவின் கான்டன் நகரத்துல, அதாவது இன்றைய குவாங்சோவுல, ஏற்றுமதிக்காகவே செய்த மரப்பெட்டி. ஒரு அடிக்குள்ளதான் அகலம். மேலே பளபளன்னு கறுப்புப் பூச்சு, அதுமேல தங்க நிறத்துல தோட்டம், மண்டபம், மனிதர்கள். கீழே நாலு மூலையிலும் செதுக்கின கால்கள், பெரும்பாலும் டிராகன் வடிவத்துல. மூடியைத் திறந்தா உள்ளே வெள்ளீயக் கலவையில் செய்த இரண்டு டப்பாக்கள், சில பெட்டிகள்ல நாலு. அந்த டப்பாக்கள் மேலயும் பூ வேலைப்பாடு. முன்பக்கம் ஒரு சாவித் துவாரம்.

இங்கிலீஷ்ல இதை 'டீ கேடி'ன்னு சொல்வாங்க. அந்தச் சொல் மலாய் மொழியின் 'காட்டி' என்ற எடை அளவிலிருந்து வந்தது. ஒரு காட்டி கிட்டத்தட்ட 600 கிராம்.

அரக்கு இல்ல, மரத்தோட பால்

அந்தக் கறுப்புப் பூச்சுக்குப் பேர் லேக்கர். நிறைய பேர் இதை நம்ம ஊர் அரக்கோட குழப்பிக்கிறாங்க. நம்ம அரக்கு ஒரு பூச்சி சுரக்கிற பிசின். சீன லேக்கர் ஒரு மரத்தைக் கீறி எடுக்கிற பால். மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் இருக்கிற அதே தாவரக் குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டா தோல் எப்படிப் புண்ணாகுமோ, காயாத லேக்கர் பட்டாலும் அப்படித்தான்.

இன்னொரு வேடிக்கை: சாதாரணப் பெயின்ட் மாதிரி இது வெயில்ல காயாது. ஈரப்பதமான, கதகதப்பான அறையில வச்சாத்தான் இறுகும். ஒரு பூச்சு பூசி, இறுக விட்டு, தேய்ச்சு, அடுத்த பூச்சு. செதுக்கு வேலை செய்யற சிவப்பு லேக்கர் பெட்டிகளுக்குப் பல பத்துப் பூச்சுகள், சிலதுக்கு நூறைத் தாண்டும். இவ்வளவு மெனக்கெட்டுச் செய்த பெட்டிக்குள்ள வைக்கிற பொருள் எவ்வளவு மதிப்பா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சாவி யார் கையில்?

என்கிட்ட இருக்கிறது லேக்கர் பெட்டி இல்ல. அதுக்கெல்லாம் பட்ஜெட் கிடையாது. தென்சீனத் துறைமுகமான சுவாத்தோவுல செய்த ஒரு வெள்ளீய டப்பா வச்சிருக்கேன். அதுல பூட்டே இல்ல. கனமான மூடி, அதுக்குள்ள இன்னொரு மூடி, அவ்வளவுதான். தேயிலை கெடாம இருக்கத் தேவை காத்து புகாத மூடிதான். அப்போ பூட்டு எதுக்கு? அது வாங்கினவங்களோட தேவை.

பிரிட்டன்ல 1784 வரைக்கும் தேயிலை மேல இருந்த வரி சராசரியா 119 சதவீதம். அதாவது சரக்கோட விலையை விட வரி அதிகம். அதனால கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. ஒரு தடவை கொதிக்க வச்ச இலையைக் காயவச்சு, சாயம் ஏத்தி மறுபடி வித்தவங்களும் இருந்தாங்க. அந்த நிலைமையில வசதியான வீடுகள்ல தேயிலை சமையலறைக்கே போகாது. பெட்டி வரவேற்பறையில இருக்கும், சாவி வீட்டு அம்மாகிட்ட இருக்கும். வேலைக்காரங்க வெந்நீர் கொண்டு வரலாம், இலையைத் தொட முடியாது. எங்க ஆபீஸ்ல ப்ரொடக்ஷன் சர்வர் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குங்கிறதை வச்சே யாருக்கு எவ்வளவு மதிப்புன்னு சொல்லிடலாம். அதே கதைதான்.

1784-ல பிரதமர் வில்லியம் பிட் இளையவர் அந்த வரியை 12.5 சதவீதமாக் குறைச்சார். கடத்தல் படுத்துடுச்சு. ஆனா பூட்டு உடனே போகல. தேயிலை இன்னும் சீனாவிலிருந்து மட்டும்தான் வரணும், பிரிட்டனுக்குக் கொண்டு வர்ற உரிமையும் 1833 வரை கிழக்கிந்தியக் கம்பெனிகிட்ட மட்டும்தான் இருந்தது.

பெட்டிக்கு வெளியே நடந்தது

1757-லிருந்து 1842 வரைக்கும் மேற்கத்தியக் கப்பல்கள் வியாபாரம் செய்ய அனுமதி இருந்த ஒரே சீனத் துறைமுகம் கான்டன். தேயிலைக்கு விலையா சீன வியாபாரிகள் கேட்டது வெள்ளி. கப்பல் கப்பலா வெள்ளி போறதைத் தடுக்க பிரிட்டிஷ்காரங்க கண்டுபிடிச்ச மாற்றுச் சரக்கு அபின். வங்காளத்துல விளைவிச்சு, கல்கத்தாவுல ஏலம் விட்டு, தனியார் கப்பல்கள்ல ஏத்திச் சீனாவுக்குள்ள கடத்தினாங்க. 1839-ல லின் ட்சேஷூ என்ற சீன அதிகாரி 20,000 பெட்டிக்கு மேல அபினைப் பறிமுதல் செஞ்சு அழிச்சார். போர் வந்தது. 1842 நான்ஜிங் ஒப்பந்தத்துல ஹாங்காங் பிரிட்டன் கைக்குப் போச்சு. தங்கத் தோட்டம் வரைஞ்ச இந்த அழகான பெட்டிகள் கப்பல் ஏறினது இந்த வருஷங்கள்லதான்.

அதே 1839-ல லண்டன்ல முதல் முறையா அசாம் தேயிலை ஏலம் போச்சு. 1867-ல இலங்கையின் லூல்கந்துர தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். அடுத்த சில வருஷங்கள்ல இலைத்துரு நோய் அங்கிருந்த காப்பிச் செடிகளை அழிக்க, மலைநாடு முழுக்கத் தேயிலையா மாறிச்சு. அந்தத் தோட்டங்கள்ல வேலை செஞ்சது கங்காணிகள் மூலமா தமிழ்நாட்டு மாவட்டங்கள்லருந்து போன குடும்பங்கள். 1880-கள் முடியறதுக்குள்ள பிரிட்டன்ல சீனத் தேயிலையை விட இந்திய, இலங்கைத் தேயிலை அதிகமா வித்துச்சு. 1890-ல லிப்டன் இலங்கையில தோட்டங்களை வாங்கி, பாக்கெட் போட்டு வித்தார்.

அதுக்கப்புறம் யாரு டீத்தூளைப் பூட்டி வைப்பாங்க? பூட்டி வைக்கத் தேவையில்லாத அளவுக்குத் தேயிலை மலிவானதுக்கு, கொழுந்து பறிச்ச நம்ம மக்களோட குறைஞ்ச கூலியும் ஒரு பெரிய காரணம். ஏலக் குறிப்புகள்ல இந்த விஷயம் வராது. அதனாலதான் இங்கே சொல்றேன்.

வாங்க நினைக்கிறவங்களுக்கு

சுருக்கமா நாலு விஷயம்.

ஒண்ணு, வெளியழகை விட்டுட்டு உள்ளே பாருங்க. வெள்ளீய டப்பாக்கள் காணாமப் போன பெட்டிகள் நிறைய. கால்களும் பிற்காலத்துல மாத்தினதா இருக்கலாம். பூட்டு, கீல் இதுல இருக்கிற ஸ்க்ரூவைக் கவனிங்க. கூர்முனை வச்ச மெஷின் ஸ்க்ரூ 1840-களுக்குப் பிறகுதான் பரவலாச்சு. 1820-ன்னு சொல்ற பெட்டியில அது இருந்தா, யாரோ பழுது பார்த்திருக்காங்க, இல்லைன்னா தேதி தப்பு.

ரெண்டு, அடியில சக்கரவர்த்தி பேர் முத்திரை இருக்குன்னு மயங்காதீங்க. பழைய முத்திரையைப் பிற்காலத்துல போடறது சீனாவுல ரொம்ப சாதாரணம். 'சைனா'ன்னு இங்கிலீஷ்ல இருந்தா பெரும்பாலும் 1891-க்கு அப்புறம். அந்த வருஷத்துலருந்து அமெரிக்கா இறக்குமதிப் பொருள்ல நாட்டின் பேரைக் கட்டாயமாக்கிச்சு. செதுக்கின சிவப்புப் பெட்டின்னா, அச்சுல வார்த்த கோடு, காத்துக் குமிழி இருக்கான்னு தேடுங்க. இருந்தா அது பிசின் வார்ப்பு.

மூணு, தந்தத்துல செய்த குமிழோ பெட்டியோ வந்தா விலகிடுங்க. இந்தியாவுல இந்திய யானைத் தந்த வியாபாரம் 1986-லயும், ஆப்பிரிக்கத் தந்த வியாபாரம் 1991-லயும் தடையாச்சு. "பழசுதானே சார்"னு கடைக்காரர் சொல்றது சட்டத்துல நிக்காது.

நாலு, பழைய வெள்ளீய டப்பாவுல காரீயம் கலந்திருக்கலாம். நீங்க குடிக்கிற டீத்தூளை அதுல போடாதீங்க. என் டப்பா காலியாத்தான் இருக்கு. லேக்கர் பெட்டின்னா நேர் வெயிலும் ஏசி காத்தும் படாத இடத்துல வைங்க. மரம் சுருங்கினா பூச்சு வெடிச்சுடும்.

கடைசியா, சாவி இல்லாத பெட்டி விலை குறைவாக் கிடைச்சா தாராளமா யோசிங்க. பூட்டு அதே பழைய பூட்டா இருந்தாப் போதும். ஆனா பூட்டை நெம்பித் திறந்த தடம் இருந்தா, விலை பேசறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அதைப் பாருங்க. ஒரு கைப்பிடி தேயிலைக்காக யாரோ ஒருத்தர் அந்த வேலையைச் செஞ்சிருக்கலாம்.

கேள்விகள் இருந்தா மெயில் பண்ணுங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.