வி.பி.என். பச்சை, டேலி மட்டும் திறக்கவில்லை

கோயம்புத்தூரில் சில நூற்பாலைகளுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, ஆளாளுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபிறகு, கேபிள் இழுக்கிற வேலை குறைந்தது, வீட்டிலிருந்தே ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர உதவும் வி.பி.என்.னின் பஞ்சாயத்து கூடியது. "ஏனுங்க சார், கனெக்ட் ஆயிருச்சுன்னு பச்சையா காட்டுதுங்க. ஆனா ஒண்ணுமே திறக்க மாட்டேங்குதுங்க." இன்றுவரைக்கும் இதுதான் வழக்கமான புகார்.

போன் செய்கிற எல்லாருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. வி.பி.என். மென்பொருள் உள்ளே உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற தகவலையெல்லாம் பார்த்து, 'இது ஆபீசுக்கு, இது யூடியூபுக்கு' என்று வழி சொல்லிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை. பெரும்பாலும் அப்படி எதுவும் நடப்பதில்லை. வழி சொல்வது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம். அது புரட்டிப் பார்க்கிற பட்டியலில் நாலைந்து வரி எழுதிவைப்பதோடு வி.பி.என்.னின் வழி காட்டும் வேலை முடிந்தது.

அந்தப் பட்டியலுக்கு ரூட்டிங் டேபிள் என்று பெயர். வி.பி.என். இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் கணினியிலும் இருக்கும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ரூட் பிரிண்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் வந்து நிற்கும். ஒவ்வொரு வரியிலும் கவனிக்க வேண்டியது இரண்டு: எந்த முகவரிகளுக்கு இந்த வரி, அவற்றுக்கு எந்த வாசல். வீட்டு லேப்டாப்பில் முக்கியமான வரிகளும் இரண்டுதான். 192.168.1.0/24 என்றால் நேரே வைஃபையில் அனுப்பு. 0.0.0.0/0 என்றால் 192.168.1.1-இடம், அதாவது வீட்டு ரவுட்டரிடம் கொடு. (விண்டோஸ் இந்தச் சாய்கோட்டு எண்ணை 255.255.255.0 என்று வேறு உருவத்தில் காட்டும். சங்கதி ஒன்றே.)

இங்கே பார்க்கும் பழைய வகை (ஐ.பி.வி.4) ஐ.பி. முகவரி என்பது 32 பிட். சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண், முன்னாலிருந்து எத்தனை பிட் ஒத்துப்போக வேண்டும் என்று சொல்கிறது. 24 என்றால் '192.168.1' வரைக்கும் ஒத்திருக்க வேண்டும். மிச்சம் 256 முகவரிகள். 0 என்றால் எதுவும் ஒத்துப்போக வேண்டாம், உலகத்தில் உள்ள எல்லா முகவரியும் இந்த வரிக்குப் பொருந்தும். ஒரே முகவரிக்கு இரண்டு வரி பொருந்தினால்? தபால் பிரிக்கும் இடத்தில் 'கோவை' என்று ஒரு பெட்டியும் 'கோவை, ஆர்.எஸ்.புரம்' என்று ஒரு பெட்டியும் இருந்தால், ஆர்.எஸ்.புரத்துக் கடிதம் எதில் விழும்? அதே விதிதான் இங்கும். எது அதிகத் துல்லியமோ அது ஜெயிக்கும். இரண்டும் சமமாக இருந்தால்தான் மெட்ரிக் என்ற எண்ணைப் பார்ப்பார்கள். எது குறைவோ அந்த வழி. விண்டோஸ் இதைப் பெரும்பாலும் இணைப்பின் வேகத்தைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்ளும்.

வி.பி.என். இணைந்ததும் கணினியில் புதிதாக ஒரு நெட்வொர்க் கார்டு முளைக்கும். நிஜக் கார்டு இல்லை, மென்பொருளில் செய்தது. அதற்குள் எதைப் போட்டாலும் வி.பி.என். எடுத்து, பூட்டி, தன் சர்வருக்கு அனுப்பும். இந்த வழிக்குத்தான் டனல் என்று பெயர். ஆனால் அதற்குள் ஏதாவது வந்து விழ வேண்டுமே, அதற்குத்தான் பட்டியலில் கை வைக்கிறது.

ஜேம்ஸ் யோனன் 2001-ல் வெளியிட்டு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கும் ஓப்பன்வி.பி.என். இதை எப்படிச் செய்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கச் சொன்னால், பழைய 0.0.0.0/0 வரியை அது அழிக்காமலே வேலையை முடிக்கும் ஒரு முறை உண்டு. 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று இரண்டு வரி சேர்க்கிறது. முதல் வரி உலக முகவரிகளில் பாதி, இரண்டாவது மீதிப் பாதி. இரண்டும் சேர்ந்தால் மொத்த உலகம். ஒரே ஒரு பிட் அளவுக்குத்தான் கூடுதல் துல்லியம். ஆனால் விதிப்படி அதுவே போதும், பழைய வரியை யாரும் சீந்த மாட்டார்கள். வி.பி.என்.னை அணைக்கும்போது இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் வீடு பழையபடி இருக்கும். வீட்டு ரவுட்டர் நடுவில் புதிதாக முகவரி கொடுத்து 0.0.0.0/0 வரியைத் திருத்தி எழுதினாலும் இந்த இரண்டுக்கும் சேதமில்லை.

கூடவே இன்னொரு வரியும் வேண்டும், அது இல்லாவிட்டால் மொத்தமும் சுருண்டுவிடும். பூட்டிய பொட்டலம் வி.பி.என். சர்வருக்குப் போக வேண்டும் அல்லவா? அதற்கும் இதே பட்டியலைத்தான் பார்ப்பார்கள். உலகமே டனலுக்குள் என்று எழுதியிருந்தால் இதுவும் டனலுக்குள் போகும், மறுபடி பூட்டப்படும், மறுபடி டனலுக்குள் போகும். அதனால் சர்வரின் ஒற்றை முகவரிக்கு மட்டும் /32 என்று ஒரு வரி: இதை வீட்டு ரவுட்டர் வழியாகவே அனுப்பு. 32 பிட்டும் ஒத்துப்போகும் வரியை மிஞ்சுவதற்கு வேறு வரி கிடையாது.

இப்போது கணக்கு மென்பொருளான டேலிக்கு வருகிறேன். திருப்பூரில் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு கணக்காளர் அம்மாவுக்கு வி.பி.என். இணைகிறது, டேலி சர்வர் மட்டும் கிடைக்கவில்லை. சர்வரின் முகவரி 192.168.1.10. அவர் வீட்டு வைஃபையும் 192.168.1 வரிசைதான். பட்டியலில் ஒரே 192.168.1.0/24 இரண்டு முறை நிற்கிறது. ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஆபீசுக்கு. துல்லியம் சமம், மெட்ரிக்கில் வீடு ஜெயித்துவிட்டது. லேப்டாப் வீட்டுக்குள்ளேயே "192.168.1.10 யாருப்பா?" என்று கூவுகிறது. ஹாலில் இருக்கும் டி.வி. "நான்தான்" என்கிறது. டேலி கேட்ட கணக்கு டி.வி.யிடம் ஏது? இதே கோளாறு வேறொரு வீட்டில் தலைகீழாக நடக்கும். அங்கே வி.பி.என். ஜெயிக்கும், டேலி திறக்கும், மேசைமேல் இருக்கும் பிரிண்டர் காணாமல் போகும்.

"டி.வி.யை ஆஃப் பண்ணிட்டா சரியாயிருமுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். ஆகாது, பதில் சொல்ல ஆளில்லாமல் போகும், அவ்வளவுதான். 192.168.1.10/32 டனல் வழியாக என்று ஒரு வரி சேர்த்தேன். 32 வந்தால் 24 ஒதுங்க வேண்டியதுதான், டேலி திறந்தது. பிறகு சாவகாசமாக அவர் வீட்டு ரவுட்டரை 192.168.77 வரிசைக்கு மாற்றிக் கொடுத்தோம்.

புதிதாக ஆபீஸ் நெட்வொர்க் போடுகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். உள் நெட்வொர்க்குகளுக்கென்று 1996-ல் ஒதுக்கிவைத்த முகவரிகளில் 10-ல் தொடங்குபவை மட்டுமே 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ரவுட்டர் பெட்டிக்குள் வந்த 192.168.0, 192.168.1 இரண்டையும் அப்படியே ஆபீசுக்கு வைக்காதீர்கள். பாதி ஊர் வீடுகளில் அதுதான் ஓடுகிறது. 10.87.43 மாதிரி யாரும் நினைக்காத ஒன்றை எடுங்கள்.

எல்லாவற்றையும் டனலுக்குள் விடுவதா, ஆபீஸ் முகவரிகளை மட்டுமா என்பதும் இந்த வரிகளில்தான் தீர்மானமாகிறது. ஓப்பன்வி.பி.என்.னில் ஆபீஸ் சர்வரே வரிகளை அனுப்பிவைக்கும். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய வயர்கார்டில், மறுமுனை ஒவ்வொன்றுக்கும் அனுமதித்த முகவரிகள் என்று ஒரு வரி உண்டு, 0.0.0.0/0 என்று போட்டால் எல்லாம் உள்ளே, ஆபீஸ் வரிசையை மட்டும் போட்டால் அது மட்டும். ஊரடங்கில் நூறு பேருடைய வீடியோ மீட்டிங்கும் ஆபீஸ் இணைப்புக்குள் வந்து, திரும்பி வெளியே போய் மூச்சுத் திணறியபோது, டீம்ஸ் போன்றவற்றை டனலுக்கு வெளியே விடும்படி மைக்ரோசாஃப்ட்டே வழிகாட்டியது. என் வாடிக்கையாளர்களுக்கு நான் ஆபீஸ் முகவரிகளை மட்டும் உள்ளே விடும் முறையைத்தான் போட்டுத் தருகிறேன். ஊழியர் வீட்டில் பார்க்கும் சினிமாவை மில் இணைப்பு சுமக்க வேண்டிய அவசியம் என்ன?

தன் போக்குவரத்து வெளியே தெரியக்கூடாது என்று காசு கொடுத்து வி.பி.என். வாங்குகிறவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு எல்லாமே உள்ளே போக வேண்டும். அங்கே இரண்டு ஓட்டை. ஒன்று, ஐ.பி.வி.6 என்ற புது வகை முகவரிகளுக்குப் பட்டியல் தனி. வி.பி.என். பழைய ஐ.பி.வி.4 பட்டியலில் மட்டும் எழுதிவிட்டுப் போனால், புது முகவரி உள்ள தளங்களுக்கு எல்லாம் டனலைத் தொடாமலே வெளியே போகும். ஐ.பி.வி.6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது, ஆகவே இது நம் ஊர் ஓட்டை. இரண்டாவது, வி.பி.என். திடீரென்று அறுந்தால் பழைய 0.0.0.0/0 வரி உயிர் பெற்றுவிடும், எல்லாம் வெளிப்படையாகப் போகும். கில் ஸ்விட்ச் என்று விற்பது இதற்குத்தான். பெரும்பாலும் அது ஃபயர்வாலில் போடும் தடை. விண்டோஸ் வயர்கார்டில் இதற்கென்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அந்த டிக்கை எடுத்தால், அனுமதித்த முகவரி வரியில் இருக்கும் 0.0.0.0/0 அதே இரண்டு பாதிகளாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

2024 மே மாதம் லெவியாதன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் 'டனல்விஷன்' என்ற பெயரில் ஒரு கோளாறை வெளியிட்டது. வைஃபையில் சேர்ந்ததும் நமக்கு முகவரி கொடுக்கும் ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். முகவரியோடு பட்டியல் வரிகளையும் கொடுத்தனுப்ப அதில் 121-ஆம் எண் வசதி 2002 முதல் இருக்கிறது. அந்த வைஃபையை நடத்துகிறவரோ, அதில் புகுந்து டி.எச்.சி.பி. வேஷம் போடுகிறவரோ, வி.பி.என். எழுதிய /1 வரிகளைவிடத் துல்லியமான வரிகளை அனுப்பிவைத்தால் போதும். பூட்டை உடைக்க வேண்டாம். பொட்டலங்கள் பூட்டும் இடத்துக்கே போகாது. பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கும். டனல் அறுந்துபோகாததால் பல கில் ஸ்விட்ச்சுகளும் விழித்துக்கொள்ளாது. வங்கித் தளம் போன்றவை எச்.டி.டி.பி.எஸ். பூட்டில் தனியாக இருப்பதால் உள்ளே இருப்பது தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியும்.

ஆண்ட்ராய்டு இந்த 121-ஆம் வசதியைக் கண்டுகொள்வதே இல்லை, அதனால் ஆண்ட்ராய்டு போன்கள் தப்பித்தன. விமான நிலையத்திலோ லாட்ஜிலோ லேப்டாப்பில் முக்கியமான வேலை இருந்தால், அங்குள்ள வைஃபையை விட்டுவிட்டு உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் சேருங்கள். அப்போது லேப்டாப்புக்கு முகவரி கொடுப்பது உங்கள் போன்தான். அதன் பிறகு வி.பி.என்.னைப் போட்டு, ஒரு தடவை 'ரூட் பிரிண்ட்' அடித்துப் பாருங்கள்.