ஏத்தன் பழத்தைப் பொரிக்கும்போது

பழமும் அதன் சத்தும்

நன்றாகப் பழுத்த நேந்திரன் வாழையை நீளவாக்கில் சீவி, மாவில் முக்கி, எண்ணெயில் பொரித்தெடுத்தால் பழம்பொரி. தென் கேரளத்தில் இதற்கு ஏத்தக்கா அப்பம் என்று பெயர். கன்னியாகுமரி மாவட்டத்திலும் நேந்திரனை ஏத்தன் என்றே சொல்கிறார்கள். மாவு பூசாமலும் இந்தப் பண்டம் உண்டு. நைஜீரியாவில் பழுத்த வாழையைத் துண்டு போட்டு அப்படியே பொரிப்பது டோடோ. கானாவில் இஞ்சியும் மிளகாயும் புரட்டிப் பொரித்தால் கெலெவெலெ.

இவ்வகை வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 120 கலோரியும் 30 கிராம் மாவுச்சத்தும் 500 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான பொட்டாசியமும் இருக்கின்றன. கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். சதையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டீனை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கரோட்டீன் கொழுப்பில் கரைவதால், சிறிது எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால் அது குடலில் எளிதாக உறிஞ்சப்படும். அதற்கு ஒரு தேக்கரண்டியே போதும். வாணலி நிறைய வேண்டியதில்லை.

எந்தப் பதத்துப் பழம்?

நேந்திரன் காயில் சர்க்கரை மிகக் குறைவு. பழுக்கப் பழுக்க நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கின்றன. தோல் முழுதும் மஞ்சளாகி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்த பழம் பொரிப்பதற்கு ஏற்றது. மாவில் தனியாகச் சர்க்கரை போட வேண்டிய தேவையே இருக்காது. தோல் கறுத்துக் குழைந்த பழம் வாணலியில் உடையும், எண்ணெய் குடிக்கும், சீக்கிரம் கருகும்.

கருகலைச் சுவைக் கேடாக மட்டும் நினைக்கக் கூடாது. சர்க்கரையும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் 120 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் வினைபுரியும்போது அக்ரிலமைடு உண்டாகிறது. வறுத்த, பொரித்த உணவுகளில் இது இருப்பதை 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். விலங்குகளில் இது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியாகியிருக்கிறது. உணவின் வழியே மனிதருக்கு எவ்வளவு கெடுதல் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எப்படியும் பொன்னிறத்தில் எடுத்துவிடுவதில் நட்டம் ஒன்றுமில்லை.

மாவு

வீட்டில் பலரும் கவனிக்காதது மாவின் பங்கு. 150 கிராம் பழம் 180 கலோரி தரும். அதன் மேல் 50 கிராம் மைதா பூசினால் இன்னொரு 175. எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. 15 கிராம் ஏறினால் 135. ஆக, பழத்தை விட மேல்பூச்சும் எண்ணெயும் தருவது கூடுதல். இந்தக் கணக்கில் பழத்தை நான்காகச் சீவினால் துண்டுக்கு ஏறத்தாழ 120 கலோரி.

மாவை இட்லிமாவு போலக் கெட்டியாகக் கரைக்காமல், பழத்தில் மெல்லிய போர்வையாக ஒட்டும் அளவுக்கு நீர்க்கக் கரைத்தால் இந்தக் கணக்கு இறங்கும். ஒரு பங்கு அரிசி மாவு சேர்த்தால் மொறுமொறுப்புக் கூடும். நிறத்துக்கு மஞ்சள்தூள் இருக்கும்போது கேசரிப்பவுடருக்கு இங்கே வேலையில்லை. சமையல் சோடா போட்டால் உப்பில் உள்ளது போலவே சோடியம் கூடும். மாவு பொங்கித் துளைவிட்டு எண்ணெயையும் கூடுதலாகப் பிடிக்கும்.

எண்ணெயின் சூடு

பொரிப்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. எண்ணெய் 170 முதல் 180 டிகிரி வரை காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு மாவை விட்டால் அடியில் தங்காமல் உடனே மேலெழ வேண்டும். எழுந்த கையோடு சிவந்துவிட்டால் சூடு அதிகம். சரியான சூட்டில் பழத்திலுள்ள நீர் ஆவியாகி வெளியே சீறும். அந்த ஆவி வெளியேறும் வரை எண்ணெயால் உள்ளே புக முடியாது. சூடு குறைந்த எண்ணெயில் மேல்பகுதி இறுகத் தாமதமாவதால் பண்டம் நீண்ட நேரம் ஊறிக் கிடக்கும். வாணலி நிறைய ஒரே தடவையில் போட்டாலும் சூடு இறங்கி இதே கதிதான்.

எண்ணெய் பெரும்பாலும் உள்ளே போவது அடுப்பிலிருந்து எடுத்த பிறகு. பண்டம் ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டிய எண்ணெய் துளைகள் வழியே உள்ளிழுக்கப்படுகிறது. ஆகவே கண்கரண்டியில் எடுத்த உடனே, சூடு ஆறுவதற்குள், நன்றாக உதறி வடிகட்டியில் பரப்ப வேண்டும். செய்தித்தாளில் பரப்பக் கூடாது. அச்சு மை எண்ணெயில் கரைந்து உணவில் ஏறும். உணவைச் செய்தித்தாளில் வைப்பதையும் பொதிவதையும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன.

மிஞ்சிய எண்ணெய்

காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து துருவச் சேர்மங்கள் பெருகும். இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ள விதி. வீட்டில் அளக்கக் கருவி கிடையாது. கறுத்த நிறம், பிசுபிசுப்பு, நுரை, சீக்கிரம் புகைதல் ஆகியவையே அடையாளம். பழம் பொரித்த எண்ணெயில் மாவுத் துகளும் சர்க்கரையும் தங்கிக் கருகுவதால் அது அப்பளம் பொரித்த எண்ணெயை விட விரைவில் கெடும். துண்டு மூழ்கும் அளவுக்கு மட்டும் சிறிய வாணலியில் எண்ணெய் ஊற்றினால் மிஞ்சுவதே குறையும். செக்குத் தேங்காய் எண்ணெய் 175 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கும் என்பதால் தீயைக் கூட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொரிக்காமல்

கேரள வீடுகளில் இதே பழத்தைக் குழந்தைகளுக்குத் தோசைக்கல்லில் சிறிது நெய் விட்டு வாட்டிக் கொடுப்பதும், ஆவியில் அவித்துக் காலையில் புட்டோடு சாப்பிடுவதும் வழக்கம். எடை, ரத்தக் கொழுப்பு காரணமாகப் பொரித்ததைத் தவிர்ப்பவர்களுக்கு இவை பொருந்தும். ஆனால் எல்லா நோய்க்கும் இது விடையாகாது. அவித்தாலும் பழத்தின் சர்க்கரை குறைவதில்லை; நீரிழிவு உள்ளவர்கள் அந்த வேளைச் சோறு, இட்லியின் அளவைக் குறைத்துக்கொண்டே இதைச் சேர்க்க வேண்டும். பொட்டாசியமும் பெரும்பாலும் பழத்திலேயே தங்கிவிடும். சிறுநீரகம் பழுதுபட்டு ரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோர் எந்த வடிவத்திலும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் இந்தப் பழத்தைச் சாப்பிடக் கூடாது.