ஒரே சப்நெட்டில் இரண்டு கார்டுகள்

சர்வருக்கு ஒரு நெட்வொர்க் கார்டு போதவில்லை என்றால் இன்னொன்றைச் செருகி, அதே சப்நெட்டில் அதற்கும் ஓர் ஐ.பி. முகவரி கொடுத்துவிடுகிறார்கள். வேகம் இரட்டிப்பாகும், ஒன்று பழுதானால் மற்றது தாங்கும் என்பது எதிர்பார்ப்பு. லினக்ஸில் இது மட்டும் செய்தால் இரண்டுமே கிடைக்காது. முகவரி கார்டுக்குச் சொந்தம் என்று நாம் நினைக்கிறோம். லினக்ஸ் அதை முழுக் கணினிக்கும் சொந்தமாக வைத்திருக்கிறது. சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதல் கார்டுக்கு 192.168.1.10, இரண்டாவதற்கு 192.168.1.11 என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டிங் டேபிளில் 192.168.1.0/24 என்ற ஒரே வலைக்கு இரண்டு வரிகள் நிற்கும். பாக்கெட்டை வெளியே அனுப்பும்போது கர்னல் அது போய்ச் சேர வேண்டிய முகவரியைப் பார்க்குமே தவிர, எந்த முகவரியிலிருந்து புறப்படுகிறது என்று பார்க்காது. இரண்டு வரிகளும் பொருந்துவதால் மெட்ரிக் குறைந்த வரியை எடுக்கும். மெட்ரிக்கும் சமமானால் முன்னால் நிற்கும் வரியை எடுக்கும். ஆகவே 11-க்கு வந்த கேள்விக்கான பதிலும் முதல் கார்டு வழியாகவே வெளியேறும். உள்ளே வரும் பக்கமும் சீராக இல்லை. 1982-இல் வகுக்கப்பட்ட ஏ.ஆர்.பி. முறைப்படி, “192.168.1.11 யாரிடம் இருக்கிறது?” என்று மற்றொரு கணினி வலை முழுக்கக் கேட்கும். கேள்வி இரண்டு கார்டுகளுக்கும் வரும். இரண்டுமே தத்தம் மேக் முகவரியைப் பதிலாகத் தரும். இதை ‘ஏ.ஆர்.பி. ஃப்ளக்ஸ்’ என்பார்கள். இரண்டாவது கார்டின் கேபிளைப் பிடுங்கிவிட்டு 11-க்குப் பிங் அடித்தால் பதில் வருவது இதனால்தான். அதைப் பார்த்து ‘மாற்று வழி வேலை செய்கிறது’ என்று நம்புவது ஆபத்து. முதல் கார்டின் கேபிளைப் பிடுங்கினால், டேபிளில் அதன் வரி அப்படியே இருக்கும்வரை பதில்கள் அறுந்த கேபிளை நோக்கியே போகும். இரண்டு முகவரிகளும் ஊமையாகிவிடும்.

இது லினக்ஸின் பிழை என்று சொல்ல முடியாது. 1989-இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்.எஃப்.சி. 1122, முகவரியைக் கணினியோடு சேர்த்துப் பார்ப்பது, கார்டோடு சேர்த்துப் பார்ப்பது என்ற இரு முறைகளையும் அனுமதித்தது. எந்த வழியில் வந்தாலும் தொடர்பு கிடைக்கட்டும் என்று லினக்ஸ் முதலாவதை எடுத்தது; விண்டோஸ், விஸ்டாவிலிருந்து இரண்டாவதற்கு மாறியது. வலைவழியே வட்டுகளைத் தரும் ஐஸ்கஸி (iSCSI) சேமிப்பகங்களில் ஒரே சப்நெட்டில் பல கார்டுகள் ஒழுங்காக ஓடுகின்றனவே என்று கேட்கலாம். அங்கே ஒவ்வொரு இணைப்பையும் மென்பொருளே குறிப்பிட்ட கார்டோடு கட்டிவைக்கிறது. தேர்வை ரவுட்டிங் டேபிளிடம் விடுவதில்லை. லினக்ஸிலும் கர்னல் அமைப்புகளில் arp_ignore என்பதை 1 ஆகவும் arp_announce என்பதை 2 ஆகவும் வைத்து, புறப்படும் முகவரிக்கேற்பத் தனித்தனி டேபிள்கள் அமைத்தால் இதே ஒழுங்கு வரும். டேபிள்களை அமைக்காமல் பாதி மட்டும் செய்தால் நிலைமை இன்னும் மோசம்: பதில் அதே கார்டு வழியே போகுமா என்று சோதிக்கும் rp_filter கண்டிப்பான நிலையில் இருந்தால், இரண்டாவது கார்டில் வரும் பாக்கெட்டுகளை ஒரு வார்த்தை சொல்லாமல் வீசிவிடும்.

தேவை வேகமும் பாதுகாப்புமே என்றால் இவ்வளவு பாடு எதற்கு? இரண்டு கார்டுகளையும் பாண்டிங் மூலம் ஒன்றாக்கி, ஒரே முகவரி கொடுப்பதே சரி. பழுதுக்கு மாற்று மட்டும் போதுமானால் ஆக்டிவ்-பேக்கப் முறைக்கு ஸ்விட்சில் தனி அமைப்புகூட வேண்டாம். சுமையைப் பகிர 802.3ad வேண்டும், அதை ஸ்விட்சும் ஆதரிக்க வேண்டும். அதிலும் ஒரு தனி இணைப்பு ஒரு கேபிளிலேயே ஓடும் என்பதால், பலர் ஒரே சமயத்தில் கேட்கும்போதுதான் பலன் தெரியும். ஒற்றைக் கோப்பு நகல் 1 கிகாபிட்டைத் தாண்ட வேண்டுமென்றால் 10 கிகாபிட் போன்ற வேகமான கார்டு வாங்குவதே எளிய வழி.