ஊர் வேலைக்கு நிதி: யாரிடம் கேட்பது, என்ன கையில் வைத்துக் கேட்பது

குளம் தூர்வார வேண்டும். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை. படிப்பகத்தின் கூரை ஒழுகுகிறது. இப்படி ஒரு வேலைக்காக ஊர் இளைஞர்கள் கூடினால் அரை மணி நேரத்துக்குள் பேச்சு பணத்தில் வந்து முட்டிக்கொள்ளும். எம்.எல்.ஏ.வைப் பார்ப்பதா, பக்கத்துக் கம்பெனியில் கேட்பதா, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவதா? தமிழ்நாட்டில் ஊர்ப் பொதுவேலைக்குப் பணம் கிடைக்க வழிகள் உண்டு. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் தேவை மிகுந்த ஊரை விட்டுவிட்டு, தாள்களைச் சரியாக வைத்திருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்கிறது. ஆண்டுக்கணக்கில் நேர்மையாக உழைத்த குழுக்கள் வெளியே நிற்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடம் யாருடையது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ளவற்றை நீர்வளத் துறை பார்த்துக்கொள்கிறது. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. கோயில் குளமாக இருந்தால் அறநிலையத் துறையிடம் போக வேண்டியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லி அ-பதிவேட்டைப் பார்த்தால் விவரம் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் எழுதிய மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும். பணம் தயாராக இருந்தும் அனுமதி வராததால் வேலை நின்றுபோவது இங்கே புதிதல்ல.

இடம் பொது இடம் என்று உறுதியானால், பெரும்பாலான குழுக்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு 'நமக்கு நாமே' திட்டம். 1997-98இல் தொடங்கி, 2011-12இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயருக்கே திரும்பியது. மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும் என்பதே பொதுவான கணக்கு. வேலையின் தன்மையைப் பொறுத்து இந்த விகிதம் மாறலாம் என்பதால் ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. 9 லட்ச ரூபாய் வேலைக்கு ஊர் 3 லட்சம் திரட்டினால் 6 லட்சம் வந்து சேரும். தனி ஆள் தரலாம், ஊர் கூடித் தரலாம், முன்னாள் மாணவர்கள் தரலாம், நிறுவனமும் தரலாம். இதற்காகச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நடைமுறை இதுதான். மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்க வேண்டும். ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். ஊர்ப் பங்கை வரைவோலையாகச் செலுத்திய பிறகு நிர்வாக அனுமதி வரும். ஒன்றிய அலுவலகத்துக்குப் பல முறை அலைய வேண்டியிருக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. அதனால் குழுவில் ஒருவரிடம் கோப்பை ஒப்படைத்து, மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிவைப்பது அவசியம். பங்குத் தொகையைத் திரட்டும்போதே ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட ரசீது கொடுத்துவிட வேண்டும். 200 ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது உண்டு என்று தெரிந்தால் அடுத்த முறை அவரே இன்னும் நான்கு பேரை அழைத்து வருவார்.

ஊரார் முதலில் தங்கள் கைக்காசைப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பேராவூரணி சாட்சி. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அடுத்த ஆண்டே அந்தப் பகுதி இளைஞர்களும் உழவர்களும் தங்களுக்குள் பணம் திரட்டிப் பெரிய ஏரியைத் தூர்வாரத் தொடங்கினார்கள். வேலை கண்ணெதிரே நடப்பதைப் பார்த்த பிறகு வெளியிலிருந்தும் உதவி வந்தது. கொடுப்பவர் யாராக இருந்தாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்: கேட்பவர்கள் தாங்கள் என்ன போட்டிருக்கிறார்கள்? காசு இல்லாத ஊர் உழைப்பைப் போடலாம். அதையும் எத்தனை பேர், எத்தனை நாள் என்று நோட்டில் எழுதி வைத்தால் கணக்கில் காட்ட முடியும்.

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. உறுப்பினர் பரிந்துரை மட்டுமே செய்வார்; பணம் மாவட்ட நிர்வாகம் வழியாகத்தான் செலவாகும். நிதியாண்டின் தொடக்கத்தில் போனால் இடம் இருக்கும். பிப்ரவரியில் போய் நிற்பதில் பயனில்லை.

கம்பெனி நிதி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான நம்பிக்கைகள் அதிகம் உலவுவது இங்கேதான். நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஓர் எல்லையைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எல்லோரும் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர்ப் பக்கம் உள்ள பெரிய பெயர்களுக்கே கடிதம் எழுதுகிறார்கள். 5 கோடி லாபம் என்ற எல்லைக்குள் நடுத்தர நூற்பாலைகளும் ஏற்றுமதி நிறுவனங்களும்கூட வந்துவிடும். செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாத நிறுவனத்தில் இதற்கெனத் தனிக் குழு தேவையில்லை, இயக்குநர்களே முடிவெடுக்கலாம். தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் புகைபோக்கி தெரிகிற ஆலையே நீங்கள் முதலில் போக வேண்டிய இடம்.

ஆனால் இந்தப் பணத்தைக் குழு நேரடியாகப் பெறச் சில பதிவுகள் வேண்டும். சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவாகி, வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று அறியப்படும் பதிவுகளைப் பெற்று, நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுப் பணி அனுபவமும் கேட்பார்கள். இவை இல்லாத குழு மனம் தளர வேண்டாம். நிறுவனமே நேரடியாக வேலையைச் செய்து தரலாம், தகுதியுள்ள வேறோர் அமைப்பின் வழியாகவும் செய்யலாம். அரசுப் பள்ளிக்கான தேவை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு, 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் வழியாகக் கொண்டுபோகலாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கம்பெனி நிதி வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிற ஆளிடமிருந்து உடனே விலகிவிடுங்கள். வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடு என்று கேட்பவரிடமிருந்தும் அப்படியே. அதற்கு உடன்பட்டால் சட்டத்தின் பிடி குழுவின் மீதும் விழும்.

பதிவு செய்வதா வேண்டாமா என்பதில் அவசரம் கூடாது என்பது என் கருத்து. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பதிவது எளிது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து, மாவட்டப் பதிவாளருக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் கடினம். ஒரே ஒரு குளத்தைச் சீர்செய்வதற்காகச் சேர்ந்த குழுவுக்கு இந்தச் சுமை தேவையில்லை. பத்தாண்டு நிற்கப் போகிற படிப்பகத்துக்கும் மாலை நேர வகுப்புக்கும் கட்டாயம் தேவை.

வெளிநாட்டுப் பணத்தில் பலர் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டால் நிலைமை வேறு. அந்தப் பணத்தைப் பெறக் குழுவுக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு புது டெல்லி ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் அது வரவாக முடியும். அன்போடு அனுப்பும் அண்ணனிடம் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுவிடுங்கள்.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன வேலை, எத்தனை குடும்பத்துக்குப் பயன், எவ்வளவு செலவு, அதில் ஊர்ப் பங்கு எவ்வளவு என்பவற்றோடு, முடிந்த பிறகு யார் பராமரிப்பார்கள் என்பதையும் எழுத வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலான மனுக்களில் காணோம். தூர்வாரிய ஏரியில் அடுத்த ஆண்டே ஆகாயத்தாமரை படர்வதையும், கரையில் சீமைக்கருவேலம் முளைப்பதையும் அதிகாரிகள் பார்த்துச் சலித்திருக்கிறார்கள். பராமரிப்புக்கு யார் யார், மாதம் எவ்வளவு என்று எழுதிய மனு அவர்கள் கண்ணில் தனித்துத் தெரியும்.

ஊராட்சிக்கு நேரடியாக வரும் பணமும் உண்டு. அதில் உங்கள் வேலை இடம்பெற வேண்டுமானால் கிராம சபையில் எழுந்து பேச வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது. பெண்களும் பெரியவர்களும் சேர்ந்து வந்து கேட்டால் தீர்மானத்தைத் தள்ளிப்போடுவது கடினம். அது பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பிறகே கலைய வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்கிவிட்டால் ஆட்சியர், ஆலை நிர்வாகம், எம்.எல்.ஏ. அலுவலகம் என எங்கே மனு கொடுத்தாலும் முதல் இணைப்பாக அதையே வைக்கலாம்.