புக்கிட் பாஞ்சாங்: வந்தவர் கணக்கும் வராதவர் கணக்கும்

1955 ஏப்ரல் 2ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்த தேர்தலில், வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 300,000 பேர் இருந்தார்கள். வாக்குச்சாவடிக்குப் போனவர்கள் அதில் பாதிக்குச் சற்று மேல், 52 விழுக்காட்டுச் சொச்சம். போகாவிட்டால் கேட்க ஆளில்லை. புக்கிட் பாஞ்சாங் அப்போது பத்தாங்கட்டை என்று அடையாளம் சொல்லப்பட்ட கிராமப்புறம். அத்தாப்புக் கூரை வீடுகள், காய்கறித் தோட்டங்கள், பக்கத்தில் மலாயா இரயில் பாதை. அந்தத் தொகுதியை முற்போக்குக் கட்சியின் கோ டோங் லியாங் வென்றார்.

நான்கே ஆண்டில் நிலைமை தலைகீழானது. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. வெளியில் பிறந்து இங்கே வேரூன்றியவர்கள் வரிசைகட்டிப் பதிந்துகொண்டார்கள். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, குடியுரிமை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தமிழர்களை விடாமல் தூண்டினார். ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பிலேயே காலம் தள்ளியவர்களிடம் அது எளிதில் எடுபடக்கூடிய பேச்சன்று. அவர் செய்த மற்ற பணிகளுக்கு இது சற்றும் குறைந்ததில்லை என்பேன். 1959 மே 30 தேர்தலில் வாக்காளர் 586,000 பேர். வாக்களிப்பதும் அந்த ஆண்டிலிருந்து கட்டாயம். வந்தவர்கள் 90 விழுக்காடு. புக்கிட் பாஞ்சாங்கில் மக்கள் செயல் கட்சியின் (மசெக) லீ கூன் சோய் வென்றார். 1963இல் தொகுதி பாரிசான் சோசியாலிஸ் கட்சியின் ஓங் லியன் டெங்கிடம் போனது.

அதற்குப் பிறகு வந்த காலத்தைத்தான் நாம் சரியாகப் படிப்பதில்லை. பாரிசான் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்தது. 1968 தேர்தலில் 58 இடங்களில் 51க்குப் போட்டியே இல்லை. தேர்தல் முடிவுப் பட்டியலில் அந்த ஆண்டின் வாக்குப்பதிவு 91 விழுக்காட்டுக்கு மேல் என்று இருக்கும். உண்மைதான். ஆனால் அது வாக்குச்சீட்டு கிடைத்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு.

2001ஐப் பாருங்கள். 84 இடங்களில் 55 போட்டியின்றி முடிந்தன. புக்கிட் பாஞ்சாங் அப்போது ஹாலந்து–புக்கிட் பாஞ்சாங் குழுத்தொகுதிக்குள் இருந்தது. அங்கும் வேட்புமனுத் தாக்கல் நாளோடு தேர்தல் முடிந்தது. அறிவிக்கப்பட்ட வாக்குப்பதிவு 94.6 விழுக்காடு. நாட்டின் வாக்காளர் 20 லட்சத்துக்கு மேல். அன்று சாவடிக்குப் போக வாய்ப்பிருந்தவர்கள் 675,000 பேர். மொத்த வாக்காளரையும் கீழே போட்டு வகுத்தால் 94 என்பது 31 ஆகிவிடும். 1955இல் பாதிப்பேர் வரவில்லை என்று எழுதுகிறோம். 2001இல் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வர வழியே இல்லை என்பதை ஏன் அதே வரிசையில் எழுதுவதில்லை?

இந்தியாவில் இந்தச் சிக்கல் அனேகமாக இல்லை. அங்கே வாக்களிப்பது கட்டாயமுமில்லை. அதனால் வாக்குப்பதிவே ஒரு செய்தியாகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் அசாமில் 81 விழுக்காடு, பீகாரில் 56. தமிழ்நாட்டில் 69.7; அதற்குள்ளேயே தருமபுரி 81, மத்திய சென்னை 54. யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று துருவினால் வேலை தேடி வெளியூர் போனவர்கள் கதை, நகரத்தாரின் அசட்டை எல்லாம் வெளிவரும். சிங்கப்பூரில் வராதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். தக்க காரணம் இல்லாமல் மீண்டும் சேர 50 வெள்ளி கட்ட வேண்டும். ஆகவே இங்கே தொகுதிக்குத் தொகுதி வாக்குப்பதிவை ஒப்பிடுவதைவிட, ஒரே தொகுதியின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பதுதான் விஷயம் சொல்லும்.

2006இல் புக்கிட் பாஞ்சாங் மறுபடி தனித்தொகுதியானது. மசெகவின் டியோ ஹோ பின் 77 விழுக்காடு பெற்றார். எதிரில் நின்றவர் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் லிங் ஹாவ் டூங். 2011இல் அது 66க்கு இறங்கியது. 2015இல் நாடு முழுவதும் மசெக ஏறக்குறைய 10 புள்ளி ஏறியது. லீ குவான் இயூ மறைந்த ஆண்டு, நாட்டின் பொன்விழா ஆண்டு. புக்கிட் பாஞ்சாங் ஏறியது 2 புள்ளிதான். நாடே ஒரு பக்கம் சாய்ந்தபோது அதிகம் அசையாத தொகுதி 2020இல் ஆட்டம் கண்டது. டியோ ஓய்வுபெற, லியாங் எங் ஹுவா வந்தார். எதிரே தொற்றுநோய் மருத்துவர் பால் தம்பையா. கொவிட் நடுவே கையுறை மாட்டி, இடைவெளி விட்டு வரிசையில் நின்ற தேர்தல் அது. நெரிசலால் வாக்களிப்பை இரவு 10 வரை நீட்டித்தார்கள். முடிவு: 53.7க்கு 46.3. இடைவெளி சுமார் 2,500 வாக்குகள். ஆயிரத்து முந்நூறு பேர் மனம் மாறியிருந்தால் தொகுதியே கைமாறியிருக்கும். ஃபஜார், செகார், பெட்டிர் பக்கத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்குகள் சிலவற்றைச் சேர்த்தாலே அத்தனை வாக்காளர்கள் இருப்பார்கள்.

2025 மே 3இல் அதே இருவர் மீண்டும் மோதினார்கள். தேர்தலை ஆராய்பவருக்கு இதுபோல் வாய்ப்பது அரிது: ஆட்கள் மாறவில்லை, கட்சிகள் மாறவில்லை, ஐந்து ஆண்டு மட்டுமே கடந்திருக்கிறது. நாட்டளவில் மசெக 4 புள்ளி கூடியது, இங்கே 61.4 விழுக்காடு, ஏறக்குறைய 8 புள்ளி கூடுதல். தொற்று அச்சம் தணிந்ததும் மருத்துவருக்கு இருந்த தனி ஈர்ப்பு குறைந்தது ஒரு காரணம். ஐந்தாண்டு தொகுதிக்குள்ளேயே நடந்து பழகிய லியாங் இன்னொன்று என்பது என் கணிப்பு. 2015இல் நாட்டோடு சேர்ந்து ஏறாததையும் கூட்டிப் பார்த்தால், கட்சிச் சின்னத்தைவிட நிற்கும் ஆளைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இங்கே கணிசம்.

எண்களைப் படிப்பதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2015இலிருந்து வாக்களிப்பு முடிந்த இரண்டொரு மணி நேரத்தில் மாதிரி வாக்கு எண்ணிக்கையைத் தேர்தல் துறை வெளியிடுகிறது. ஒவ்வொரு சாவடியிலும் 100 சீட்டுகளை எடுத்து எண்ணுவார்கள். 4 புள்ளி முன்பின் இருக்கலாம். வசந்தம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளில் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. 53க்கு 46 போன்ற நெருக்கத்தில் மாதிரியை நம்பித் தூங்கப் போகக் கூடாது.

2025இன் வாக்குப்பதிவு 92.83 விழுக்காடு, 1968க்குப் பிறகு ஆகக் குறைவு. இதைப் பலரும் கவனித்தார்கள். மரின் பரேட்–பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் போட்டி இல்லாததால் 130,000க்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை என்பது மறுநாளே பேச்சிலிருந்து நழுவியது. அவர்களையும் சேர்த்து வகுத்தால் 88. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும், ஒவ்வொரு தேர்தலுக்கும். புக்கிட் பாஞ்சாங்குக்கு மட்டும் 2006 முதல் அந்த இரண்டாவது எண் தேவைப்படவில்லை. ஐந்து தேர்தலிலும் அங்கே வாக்காளர் கையில் சீட்டு இருந்தது.