முதிய பிணியாளரும் அறுவை மருத்துவரும்

புற்றுநோய் என்னும் பெயரே பிணியாளர் செவியில் விழலாகாது என்று மருத்துவர்கள் கருதிய காலம் நெடுந்தொலைவில் இல்லை. 1961ஆம் ஆண்டில் சிகாகோ நகர மருத்துவமனை ஒன்றில் 219 மருத்துவர்களை வினவியபோது, ஏறத்தாழ 10 பேரில் 9 பேர் நோயின் பெயரை உரைப்பதில்லை என்றே கூறினர். 1979இல் ராச்செஸ்டர் நகரில் அதே வினாக்களைக் கேட்டபோதோ நிலை தலைகீழாயிற்று. 100க்கு 97 பேர் உரைப்பதே முறை என்றனர்.

எனினும், உண்மையை உரைத்தல் வேறு. முடிவிற் பங்கு தருதல் வேறு. நோயின் போக்கையும் அறுவையின் ஆற்றலையும் அறிந்தவர் மருத்துவர். தம் வாழ்வில் எதை இழக்கலாம், எதை இழத்தலாகாது என்பதை அறிந்தவர் பிணியாளர். இவ்விருவகை அறிவும் ஒருவரிடத்தே இராமையால், இருவரும் கூடித் தேர்தலே தக்கது என்னும் கருத்து 1980களில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. தமிழில் ‘முடிவு’ என்னும் ஒரு சொல்லே தீர்மானத்தையும் இறுதியையும் குறிக்கின்றது. முதியவரின் படுக்கையருகே இவ்விரு பொருளும் ஒருங்கே நிற்கின்றன.

முதியோர்க்கு உயிர் பிழைத்தல் ஒன்றே அளவுகோல் அன்று. புற்று, இதயம், நுரையீரல் ஆகியவற்றின் கடுநோயால் வருந்திய, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 226 பேரை ஆராய்ந்த யேல் பல்கலைக்கழகத்தார் 2002இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். தொல்லை குறைந்த மருத்துவத்தால் முன்னைய நலம் திரும்புமெனின், 100க்கு ஏறத்தாழ 99 பேர் அதை வேண்டினர். அதே மருத்துவம் உயிரைக் காத்து, உடலை இயங்கவொட்டாமற் செய்யுமெனின், 74 பேர் வேண்டா என்றனர். அறிவு மயங்குமெனின் மறுத்தவர் 89 பேர். மருத்துவம் மாறவில்லை; அதன்பின் வரும் வாழ்வே மாறியது.

ஆனால், அறுவைக்கு முன் பெரிதும் பேசப்படுவது குருதிப்போக்கு, நுரையீரல் அழற்சி முதலியவற்றின் விழுக்காட்டுக் கணக்கே. அதைக் கேட்ட மூதாட்டிக்குத் தம் அடுக்களைக்கு மீள்வோமா என்பது விளங்குவதில்லை.

இக்குறை நீங்க, விஸ்கான்சின் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் மார்கரெட் சுவார்சும் குழுவினரும் வகுத்த முறைக்குத் தாளும் எழுதுகோலும் போதும். ஒவ்வொரு வழிக்கும் ஒரு செங்குத்துக் கோடு. மேல்முனையில் விண்மீன்: நேரக்கூடியவற்றுள் நல்லது. கீழ்முனையில் சதுரம்: தீயது. இடையே நீள்வட்டம்: இப்பிணியாளர்க்குப் பெரும்பாலும் நேரக்கூடியது. குடலைப் புற்றுக்கட்டி அடைத்துக்கொண்ட, உடல் தளர்ந்த முதியவர் ஒருவரை எண்ணுக. அறுவைக் கோட்டின் விண்மீனே சில வாரம் மருத்துவமனையும், பின்னர் முதியோர் இல்லமும் எனலாம். நீள்வட்டமோ சதுரத்தை நெருங்கியிருக்கலாம். அறுவையின்றி வலி தணிப்பதற்கு இன்னொரு கோடு: காலம் குறைவு, ஆயின் வீட்டில், உற்றார் நடுவே கழியலாம். இவற்றை எண்களால் அன்றிக் கதையாக மருத்துவர் உரைக்கிறார். “உங்களுக்கு முதன்மையானது எது?” என்று கேட்டபின் தம் பரிந்துரையையும் கூறுகிறார். அதைக் கூறாது, ‘நீங்களே தேர்ந்துகொள்க’ என விடுதல் கூடித் தேர்தல் அன்று, கைகழுவுதலே.

வரைந்த தாள் பிணியாளரிடமே தங்கும். மாலையில் வரும் மக்களுக்கும் அது உதவும். அம்மக்களே முந்திக்கொண்டு விடை கூறுவராயின், மருத்துவர் முதியவரை நோக்கி அவ்வினாவை மீண்டும் கேட்டல் வேண்டும்.